பேருக்குப் பதில் சொன்னவள்

"புஷ்பவள்ளி!"

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சீனிவாசகம் பேரைக் கூப்பிட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், "இருக்கேன்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

குரல் பின்னாலிருந்து வந்தது. பெண் குரல்தான். தூக்கத்திலிருந்து எழுந்தவள் தொண்டையைச் செருமாமல் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி, கொஞ்சம் ஈரமாக இருந்தது. கிராணி தலையை நிமிர்த்தவில்லை. பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, "மருதம்மாள்" என்று அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்து என்ன? ஒன்றும் தெரியவில்லை. ஜப்பான்காரன் வந்த கையோடு ஊர்க் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டான். ஆறு மணிக்கு ஆள் எண்ணும் பெரட்டு என்றால் பழைய நேரத்துக்கு நாலரை மணி. வெள்ளைக்காரன் காலத்தில் விடிகிற வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்து ஆள் எண்ணினார்கள். இப்போது கும்மிருட்டில் குரலைக் கேட்டு எண்ணுகிறார்கள். மண்ணெண்ணெய்க்குப் பஞ்சம். மெர்போக் ஆற்றோரத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தின் பெரட்டுக் களத்துக்கு ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. அதன் வெளிச்சமும் பேர்ப் புத்தகத்தைத் தாண்டி விழாது. அதற்கு வெளியே, சதுப்பிலிருந்து வரும் சேற்று வாடையிலும் ஜெராய் மலையிலிருந்து இறங்கும் குளிரிலும் நின்ற எண்பது பேரும் வெறும் குரல்கள்தான்.

அந்தக் குரலில்தான் உயிரும் இருந்தது. "பேர் இருந்தா மரம், பேர் இல்லேன்னா சயாம்" என்பார் கிராணி. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கும் லாரி வாரத்துக்கு ஒரு முறை வந்தது. புத்தகத்தில் பேர் இல்லாமல் லயத்து வீடுகளில் ஒண்டியிருப்பவர்களை முதலில் ஏற்றுவார்கள். போனவர்களில் ஒருவர்கூட இதுவரை திரும்பவில்லை.

பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது அவள் மருதம்மாளிடம் கேட்டாள்.

"எம் பேருக்கு யாருக்கா பதில் சொன்னது?"

"நீதான் சொன்ன. வேற எவ சொல்லுவா? தூக்கம் தெளியல லா ஒனக்கு."

"நான் சொல்லலக்கா."

"அப்ப ஜப்பான்காரன் பொண்டாட்டி சொல்லியிருப்பா. போடி, போய் மரத்தப் பாரு."

மருதம்மாள் சிரித்துக்கொண்டே பால் வெட்டும் உளியை இடுப்பில் செருகினாள். இவளால் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் இவள் பேர் புஷ்பவள்ளி இல்லை. செல்லாயி.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சண்டைப் பேச்சே இல்லாத காலத்தில், நாகப்பட்டினத்தில் அவள் கப்பல் ஏறினாள். கையில் ஒரு காகிதம் கிடையாது. அண்ணன் வீட்டு அடிக்குப் பயந்து ஓடி வந்தவள், யாருடைய மூட்டையையோ தலையில் சுமந்துகொண்டு படகில் நுழைந்து, அங்கிருந்து கப்பலுக்குள்ளும் நுழைந்துவிட்டாள். பினாங்குக்கு ஏழு நாள். மேல்தட்டில் பாய் விரித்த இடம்தான் வீடு. எந்நேரமும் கால் வழியே ஏறும் எஞ்சின் அதிர்வு, சுண்ணாம்புத் தூள் வாடை, வாந்தி வாடை, கித்தான் கூரையைக் காற்று அறைகிற சத்தம்.

அங்கேதான் புஷ்பவள்ளி இருந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம். புருஷன் பரஞ்சோதியோடு தோட்ட வேலைக்குப் புறப்பட்டவள். முதல் நாள் ஆள் எண்ண வந்தபோது செல்லாயியைப் பாயோடு சுருட்டிப் போட்டு, அதன்மேல் சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். சோறு வந்தால் விரலால் நடுவே கோடு இழுத்துப் பாதியைத் தள்ளி வைப்பாள்.

"எம் பேருக்கு வர்ற சோத்துல பாதிய நீ திங்கிற. அப்ப எம் பேர்லயும் பாதி ஒனக்குத்தாண்டி" என்று சொல்லிச் சிரிப்பாள்.

ஐந்தாம் நாள் புஷ்பவள்ளிக்குப் பேதி கண்டது. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகும் கங்காணி அய்யாவு பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, "டாக்டர் தொரை கண்ணுல பட்டுச்சு, கப்பலயே நோய்க்காரங்கள அடைக்கிற ஜெரெஜாக் தீவுல கட்டிப்புடுவான். அப்புறம் ஒருத்தனுக்கும் தோட்டம் கெடையாது" என்றான். அவளைப் பாய்களுக்கு நடுவே மறைத்து வைத்தார்கள். ஆறாம் நாள் விடிவதற்கு முன்னால் அவள் அசையவில்லை. அய்யாவு காதருகே குனிந்து மூன்று தடவை கூப்பிட்டான். புஷ்பவள்ளி. புஷ்பவள்ளி. புஷ்பவள்ளி. பதில் இல்லை.

"ஆளு போயிருச்சு" என்றான் அய்யாவு. பிறகு செல்லாயியை ஏற இறங்கப் பார்த்தான். "பேரு இருக்கு. நீ எடுத்துக்க."

எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது. கங்காணிக்கு ஆள் குறையவில்லை. பரஞ்சோதிக்குப் பெண்டாட்டி குறையவில்லை. செல்லாயிக்குக் காகிதம் கிடைத்தது. புஷ்பவள்ளியைப் பாயில் சுருட்டினார்கள். தலைப் பக்கம் பரஞ்சோதி பிடித்தான். கால் பக்கம் செல்லாயி. கப்பல் ஓரக் கம்பிக்கு மேலே தூக்கிக் கையை விட்ட நேரத்தில், பாய்க்குள்ளிருந்து மெல்ல, மிகவும் தாமதமாக, மூன்றாவது கூப்பாட்டுக்குப் பதில் வந்தது.

"இருக்கேன்."

அவ்வளவுதான். அந்த உயரத்திலிருந்து தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பரஞ்சோதி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் கேட்டானா என்று அவள் கேட்கவில்லை. அன்று பகல் முழுச் சோறும் அவளுக்கே வந்தது. அழுகை வரவில்லை. பசித்தது. தின்றாள். அதிலிருந்து ஆறு வருஷமாக ஒவ்வொரு காலையும் புஷ்பவள்ளி பேருக்கு அவள் பதில் சொல்லி வருகிறாள். பரஞ்சோதி மட்டும் அவளை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பான்.

அந்தக் குரல் வந்த மறுநாள் பெரட்டில் அவள் முந்திக்கொண்டாள். "புஷ்ப—" என்று கிராணி தொடங்கும்போதே, "இருக்கேன்" என்றாள். அதே நேரத்தில் இன்னொரு "இருக்கேன்" அவள் குரலோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"ஒரு தடவ சொன்னாப் போதும்மா. ரெண்டு ஆளு அரிசியா கேக்குற?" என்றார் கிராணி. இருட்டில் நாலு பேர் சிரித்தார்கள்.

குரல் நேற்றைவிட ஓர் அடி கிட்டத்தில் இருந்தது. வாடையும் வந்தது. சதுப்புச் சேறு இல்லை. சுண்ணாம்பு, எஞ்சின் எண்ணெய், நனைந்து நாறும் கோரைப்பாய். மலைக்காற்றில் வரமுடியாத வாடை.

மூன்றாம் நாள் கத்திவிடுவது என்று வந்து நின்றாள். பேரைக் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தாள். நாக்கில் உப்பு. தொண்டை வரைக்கும் உப்பு. சத்தம் எழவில்லை.

"புஷ்பவள்ளி எங்கம்மா போயிட்டா?"

"இருக்கேன்." தோளுக்கு அருகில், பொறுமையாக. கிராணியின் பென்சில் காகிதத்தில் உரசியது. செல்லாயியின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. மழை இல்லை.

அன்று ஸ்டோரில் அரிசி போடும் நாள். மத்தியானம் அவள் பையை நீட்டினாள். கிராணி நிமிர்ந்து பார்த்தார்.

"காலையிலேயே வாங்கிட்டுப் போனியே லா."

"நான் வரலைங்க."

"வெளாடுறியா? கைய நனச்சுக்கிட்டு வந்து ரேகை வச்சு, புத்தகத்த நாசம் பண்ணிட்டுப் போன. இந்தா பாரு."

பார்த்தாள். புஷ்பவள்ளி என்ற பேருக்கு நேரே மை கரைந்து, நீலமாகப் பரவி, நடுவில் ஒரு பெருவிரல் இருந்தது. அவளுடைய பெருவிரலைவிடச் சின்னது.

லயத்துக்கு வந்தாள். அடுப்பு அணைந்திருந்தது. பானையில் சோறு. மரவள்ளி கலக்காத வெறும் அரிசிச் சோறு. பரஞ்சோதி சாப்பிட்டு முடிக்கும் நேரம். அவனுக்கு எதிரே இன்னொரு தட்டு. அதில் பாதிச் சோறு இல்லை. மீதிப் பாதி அப்படியே இருந்தது. நடுவில் விரலால் இழுத்த கோடு.

"யாரு ஆக்குனது?"

"நீதான் ஆக்குன" என்றான் பரஞ்சோதி. கடைசிக் கவளத்தை வழித்துக்கொண்டே, "முதுகுதான் பாத்தேன்" என்றான்.

ஈரத் தரையில் அவள் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாகக் கேட்காததைக் கேட்டாள். உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அன்னைக்குப் பாய்க்குள்ளேருந்து சத்தம் வந்துச்சே, நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அப்ப ஏன் கைய விட்டீங்க?"

பரஞ்சோதி கை கழுவினான். "நான் விடல. கேட்டப்ப ரெண்டு பேர் கையிலயும்தான் இருந்தா. நீ கால விட்ட. ஒத்தக் கையில எப்படித் தாங்குறது?"

செல்லாயி யோசித்தாள். ஆமாம், அப்படித்தான் நடந்தது. கேட்ட பிறகுதான் விட்டாள். அப்போது புஷ்பவள்ளியின் பாதங்கள் சூடாக இருந்தன. இத்தனை நாளும் அதை முன்பின்னாக மாற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பசித்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த பாதியை அவள் எடுத்துத் தின்றாள்.

தின்று முடித்ததும், "பேரத் திருப்பிக் குடுத்திருவோங்க" என்றாள். "கிராணிகிட்டப் போயி எம் பேர எழுதச் சொல்லுங்க. அவ பேரு புத்தகத்துல இல்லேன்னா அவ எதுக்குப் பதில் சொல்லுவா?"

பரஞ்சோதி இரண்டு கோழிமுட்டையோடு போனான். மாரியம்மன் கனவில் வந்து பெண்டாட்டி பேரை மாற்றச் சொன்னதாகச் சொன்னான். கிராணி முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தாராம். "ஜப்பான்காரன் சிங்கப்பூர் பேரையே சியோனான்னு மாத்திட்டான். ஒம் பொண்டாட்டி பேரு எம்மாத்திரம்?" என்று புத்தகத்தில் புஷ்பவள்ளி பேரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, செல்லாயி என்று எழுதிக்கொண்டாராம்.

நான்காம் நாள். களத்து ஓரத்தில் சயாம் லாரி நின்றது. முகப்பு விளக்கு இல்லை. சூடான இரும்பு வாடை மட்டும். சிப்பாய் ஒருவனின் சிகரெட் நுனி ஏறி இறங்கியது.

கிராணி வரிசையாகப் பேர்களைக் கூப்பிட்டார். புஷ்பவள்ளி இருந்த இடம் வந்தது. செல்லாயி உள்ளுக்குள் தன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். உப்பு இல்லை. வாடை இல்லை. தோளில் சொட்டு இல்லை.

"செல்லாயி!"

ஆறு வருஷத்தில் முதல் தடவை. வேறொரு வாயிலிருந்து தன் பேர். அது தன்னைத்தான் என்று புரிய அவளுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. ஒரே மூச்சு.

"இருக்கேன்."

அதே ஈரமான பெண் குரல். பின்னாலிருந்து இல்லை. தோளருகில் இல்லை. ஆண்கள் வரிசையில், பரஞ்சோதி நின்ற இடத்திலிருந்து.

பென்சில் உரசியது.

செருப்பில்லாத கால் மண்ணில் நகரும் சத்தம். பரஞ்சோதியின் கால். அவளுக்கு அந்த நடை தெரியும். அரை அடி நகர்ந்தான். ஒரு ஆளுக்கு இடம் விடுகிற அளவு.

"ஐயா!" அவள் குரல் இப்போது வந்தது. நன்றாக வந்தது. "நான்தான்யா செல்லாயி!"

கிராணி எண்ணி முடித்தார். மறுபடியும் எண்ணினார். அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எண்பது பேரும் பதில் சொல்லியாச்சு. நீ யாரு?"

"செல்லாயி."

"அது அங்க நிக்குது."

"புஷ்பவள்ளி."

"அது நேத்தே அடிச்சாச்சு." விளக்கு அவள் முகத்தருகே வந்தது. "மருதம்மா, இது யாருன்னு தெரியுமா?"

மருதம்மாள் உற்றுப் பார்த்தாள். "எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்குங்க. கப்பல்ல வந்த ஆளா இருக்கும்."

"பரஞ்சோதி, ஒனக்கு?"

இருட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்.

"தெரியலைங்க."

சிப்பாய் சிகரெட்டைக் கீழே போட்டான்.

லாரியில் அவளோடு ஒன்பது பேர் இருந்தார்கள். எஞ்சின் அதிர்வு பலகை வழியே கால்களில் ஏறியது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு லாரி லயத்துப் பக்கமாகத் திரும்பியபோது விடியத் தொடங்கியிருந்தது. சாம்பல் வெளிச்சம். முகம் தெரியும் வெளிச்சம்.

கிணற்றடியில் பரஞ்சோதி குந்தியிருந்தான். அவனுக்கு முன்னால் ஒரு பெண், இந்தப் பக்கம் முதுகு காட்டி, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். அவள் சேலைத் தலைப்பை அவன் இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். அவசரம் இல்லை. தினமும் செய்கிற வேலைபோல. பிழிந்தான். தண்ணீர் கொட்டியது. மறுபடியும் முறுக்கினான். மறுபடியும் கொட்டியது. செம்மண்ணில் வாய்க்காலாக ஓடி, பாதையைக் கடந்து, லாரிச் சக்கரத்துக்கடியில் நுரைத்தது.

அவன் பிழிந்துகொண்டே இருந்தான்.

தண்ணீர் நிற்கவில்லை.