'ம்' கொட்டுகிறவர்கள்

"...அப்புறம் சூடு தாங்காம அதுல ஒருத்தன் டப்பாவை வாயிலேர்ந்து பிடுங்கிட்டான் மாப்ள. பிடுங்கிட்டு, பக்கத்துல நின்னவன்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா?"

"ரேடியோ! காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா?" விளக்கறை அக்கா கம்பி வலைக்குப் பின்னாலிருந்து தலைவிளக்கு ஒன்றைத் தள்ளினாள். "அந்தக் கதை இங்க வேண்டாம்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

"முடிவு இனிமேத்தான் அக்கா வருது."

"முடிவுதான் ஊருக்கே தெரியுமே. பழைய பக்கத்துல தீப்பிடிச்சப்போ அங்கேர்ந்து ஒருத்தரும் உயிரோட மேல வரல. அப்புறம் அவன் சொன்னதை உனக்கு யாரு வந்து சொன்னா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தான். அவனுக்கு அந்தப் பெயர் வந்ததே வாய் ஓயாததால்தான். சுரங்கத்துக்குள் இறங்கும் கூண்டிலும், சோற்று இடைவேளையிலும், கன்வேயர் பெல்ட்டின் இரைச்சலுக்கு மேலேயும் பேசிக்கொண்டே இருப்பான். எதிரில் இருப்பவன் 'ம்' கொட்ட வேண்டும். அது ஒன்றுதான் அவன் கேட்கும் கூலி. கொட்டாவிட்டால் தோளைப் பிடித்து உலுக்குவான்: "ம் கொட்டு மாப்ள, செவுத்துக்கிட்டயா பேசிட்டிருக்கேன்?"

இப்போது வரிசையில் பக்கத்தில் நின்று கதை கேட்ட இவன், அவனுடைய தங்கையைத்தான் கட்டியிருந்தான். ஆகவே மச்சானுக்கு 'ம்' கொட்டும் பொறுப்பு பெரும்பாலும் இவன் தலையில் விழுந்தது. வீட்டிலும் அதே பேச்சுதான். "எங்க அண்ணன் பேச்சு சுவாரசியத்துல எங்கயாவது போய் முட்டிக்கும். நீங்க பின்னாடியே இருந்து பாத்துக்கங்க" என்று அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். கதவைச் சாத்தும்போது மட்டும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்காது.

அக்கா இவனுக்கு மூச்சு டப்பாவை நீட்டினாள். இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் எஃகு டப்பா. உள்ளே நெருப்போ நச்சுப் புகையோ வந்தால் மூடியைப் பிய்த்து, டப்பாவைக் கழுத்தில் தொங்கவிட்டு, உள்ளிருக்கும் ரப்பர் வாயடைப்பைப் பற்களில் கடித்துக்கொண்டு, மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். நாம் விடும் மூச்சையே டப்பாவிலுள்ள மருந்து சுத்தம் செய்து மார்பில் தொங்கும் பையை நிரப்பும். வெளியே வந்து சேரும் நேரத்துக்கு மட்டும்தான் தாங்கும். மருந்து வேலை செய்தால் டப்பா கொதிக்கும். "சுட்டா நல்லது. ஆறினா தீரப்போகுதுன்னு அர்த்தம்" என்பது அக்காவின் பாடம். "முக்கியமா, பேசக் கூடாது. பேச வாயைத் திறந்தா காத்து உள்ள வரும். அந்தக் காத்து ரெண்டாவது வார்த்தைக்கு இடம் குடுக்காது."

இவன் டப்பாவை வாங்கியதும் மறு கைக்கு மாற்றினான்.

டப்பா சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ மார்பிலிருந்து கழற்றி வைத்ததுபோல மிதமான, ஈரம் கலந்த சூடு. முத்திரை உடையவில்லை. கம்பியும் காகிதமும் அப்படியே இருந்தன.

"அக்கா, இது சுடுது."

"விளக்கெல்லாம் ராத்திரி பூரா சார்ஜ் ஏறுதுல்ல. பக்கத்துல இருந்தா சுடாதா?"

விளக்குகள் எதிர்ச் சுவரில் இருந்தன. டப்பாக்கள் இருந்த அலமாரி இரும்பு. அதைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது.

"அட, குடு இங்க." மச்சான் அந்த டப்பாவைப் பிடுங்கித் தன் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு, தன்னுடையதை இவன் கையில் திணித்தான். "குளிருக்கு இதமா இருக்கும். பயந்தாங்கொள்ளிக்கு என் தங்கச்சியைக் கட்டி வச்சேன் பாரு."

இவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

கீழே எப்போதும் இரவுதான். கூண்டிலிருந்து இறங்கி நடந்தால் முதலில் காற்றுக் கதவு வரும். நல்ல காற்று ஒரு பக்கமும் கெட்ட காற்று ஒரு பக்கமும் ஓடுவதற்காக வைத்த, பக்கவாட்டில் நகரும் கனத்த இரும்புக் கதவு. காற்றின் அழுத்தம் அதை எப்போதும் மூடியே பிடித்திருக்கும். ஒருவன் மட்டும் இழுத்தால் அசையாது. இரண்டு மூன்று பேர் பிடித்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், அதற்கு முன்னால் நிற்பவன் "இழு" என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் சொல்லாமல் யாரும் இழுக்கக் கூடாது. முன்பின்னாக இழுத்து விரல் நசுங்கியவர்கள் இருக்கிறார்கள்.

அன்று முன்னால் நின்றது மச்சான்தான். பிடியைப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றான்.

"சொல்லுங்க மச்சான், கை வலிக்குது."

"ம் கொட்டு, சொல்றேன்."

"ம்!"

"இழு!"

கதவுக்கு அப்பால் கன்வேயர் பெல்ட் ஓடும் பாதை நீண்டு கிடந்தது. சுவரோரம் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு. கண் தெரியாத புகையில் வழி காட்டுவதற்கான கயிறு அது. நெடுகிலும் பிளாஸ்டிக் கூம்புகள் கோத்திருந்தன. வெளியே போகும் திசையில் கை கூம்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். உள்ளே போகும் திசையில் அதன் அடிப்பாகத்தில் முட்டிக்கொள்ளும். வழுக்கினால் பிழைப்பு, முட்டினால் திரும்பு. வழியில் பழைய பக்கத்துக்குப் பிரியும் இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அதைத் தாண்டும்போது மட்டும் மச்சான்கூடப் பேச்சை நிறுத்துவான்.

அதைத் தாண்டி வெகுதூரம் உள்ளே இருவரும் பெல்ட் உருளை ஒன்றை மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த வாசனை வந்தது. அடுப்பில் செருப்பு விழுந்ததுபோல. கருகும் ரப்பர். மச்சான் பாதிச் சிரிப்போடு தலையை நிமிர்த்தினான், மூக்கைச் சுளித்தான், பிறகு இவன் அவனிடம் அதுவரை பார்த்தே இராத ஒரு முகத்தோடு, "டப்பா" என்றான். ஒரே சொல். கதையில்லை, வேடிக்கையில்லை.

புகை ஓடி வரவில்லை. வீட்டுக்குள் தெரிந்த ஆள் நுழைவதுபோல நிதானமாக, கூரையைத் தடவிக்கொண்டு வந்து, விளக்கின் வெளிச்சத்தைப் பழுப்பாக்கி, பிறகு கறுப்பாக்கி, தன் கையே தனக்குத் தெரியாமல் ஆக்கியது. வாயில் ரப்பரின் புளிப்பு. மூக்கை நெரித்த கிளிப். மார்பில் பை உப்பி, சுருங்கி, உப்பியது. மச்சான் கயிற்றைப் பிடித்து முன்னால் நடக்க, இவன் அவனுடைய பெல்ட் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

வாயடைப்பைக் கடித்துக்கொண்டு பேச முடியாது. ஆனால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும்.

"ம்?" என்றான் மச்சான், முன்னாலிருந்து.

"ம்" என்றான் இவன்.

காலமெல்லாம் பழகியது இப்போது உதவியது. ம்? ம். ம்? ம். இரண்டு பேரும் இருக்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி இல்லை. டப்பா சூடேறிச் சட்டை வழியாக மார்பைச் சுட்டது. உள்ளே போகும் காற்று வெந்நீர் ஆவிபோல நாக்கைப் பொசுக்கியது. துப்பிவிடலாம் போலிருந்தது. சுட்டா நல்லது, சுட்டா நல்லது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தான்.

எவ்வளவு நடந்தார்கள் என்று தெரியவில்லை. தானும் கயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம் என்று இடது கையை நீட்டினான்.

விரல் முட்டியது.

இன்னும் சில அடி. மறுபடியும் முட்டியது.

உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

வாரைப் பிடித்து இழுத்தான். மச்சான் நின்றான். இழுத்த திசையில் எதிர்ப்பே இல்லாமல், தூக்கத்தில் நடக்கும் குழந்தையைப்போலத் திரும்பினான். இவன் முன்னால் வந்து, மச்சானின் கையைத் தேடி எடுத்துத் தன் பெல்ட் வாரில் வைத்தான். விரல்கள் உடனே இறுகிக்கொண்டன. அந்த இறுக்கம் ஆறுதலாக இருந்தது. அதே நேரம் இவனுடைய முழங்கை மச்சானின் மார்பில் உரசியது.

டப்பா.

ஆறிப்போயிருந்தது. விளக்கறை அலமாரியைப்போல.

கையால் தடவினான். மார்புப் பை தட்டையாகத் தொங்கியது. உப்பவில்லை. சுருங்கவுமில்லை. காலையில் சூடாக இருந்த டப்பா. இவனுக்கு வந்த டப்பா.

"ம்?" என்றான் இவன். அது கெஞ்சலாக வந்தது.

இருட்டில் வெகுநேரம் ஒன்றுமில்லை.

"ம்."

அழுகை வந்தது. அழுதால் மூச்சு வீணாகும். வாரில் அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். கூம்புகள் இப்போது வழுக்கின. ஒன்று. இன்னொன்று. அவளிடம் என்ன சொல்வது என்ற நினைப்பைத் தள்ளினான். சொல்ல வேண்டியே வராது. கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன். தூக்கிக்கொண்டாவது. இழுத்துக்கொண்டாவது. பழைய பக்கத்தை அடைத்த செங்கல் சுவர் கைக்கு வர வேண்டிய இடத்தில் கை காற்றில் நீண்டது. அங்கே சுவர் இல்லை. குளிர்ந்த ஒரு திறப்பு மட்டும். இவன் நிற்கவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சூடு தாங்காம இல்ல மாப்ள. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

தெளிவான குரல். வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல. இருமல் இல்லை. அந்தப் புகையில் வாயைத் திறந்தவன் இருமியே ஆக வேண்டும். இருமல் இல்லை.

திரும்பினான். மச்சானின் முகத்தைக் கையால் தேடினான். மூக்கில் கிளிப் இருந்தது. பற்கள் வாயடைப்பைக் கடித்தபடி இறுகியிருந்தன. உதடுகள் மூடியிருந்தன. இவன் உள்ளங்கையை அந்த உதடுகளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

உதடுகள் அசையவில்லை.

"சூட்டையெல்லாம் தாங்கிட்டாங்க" என்றது குரல். "கதவு வரைக்கும் வந்துட்டாங்க மாப்ள. ம் கொட்டு."

கையை வெடுக்கென்று எடுத்தான். ஓடினான். வாரில் கனம் கூடவே வந்தது. கனம் கூடியிருந்தது. ஒரு ஆளின் கனம் இல்லை அது.

"ம்" என்று யாரோ கொட்டினார்கள். மச்சான் இல்லை. மச்சானுக்குப் பின்னாலிருந்து.

"ம்." அதற்கும் பின்னாலிருந்து.

"ம்." வயதான தொண்டை.

"ம்." வெகுதூரத்தில்.

ஒருவர் வாரை ஒருவர் பிடித்து. வரிசையாக.

கூம்பு வழுக்கியது. வழுக்கியது. மார்பில் சூடு குறைந்தது. இல்லை, பிரமை. தொட்டுப் பார்த்தான். வெதுவெதுப்பு. மூச்சை விட்டால் பை பாதிதான் நிறைந்தது. இன்னொரு கூம்பு. கயிறு முடிந்தது.

இரும்பு.

காற்றுக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் நல்ல காற்று. சட்டத்தின் இடுக்கில் அது விசில் அடிப்பது கேட்டது. பிடியைக் கண்டுபிடித்தான். இழுத்தான். அசையவில்லை. காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தான். தோள் மூட்டு கழன்றுவிடும்போல இழுத்தான். ஒரு நூலளவுகூட அசையவில்லை. கதவை முஷ்டியால் குத்தினான். அந்தப் பக்கம் யாருமில்லை.

டப்பா ஆறிக்கொண்டிருந்தது.

பெல்ட் வாரிலிருந்து பிடி தளர்ந்தது. ஒரு கை இவன் தோளுக்கு மேலாக வந்து, பிடியில் இருந்த இவன் கையின்மேல் அமர்ந்தது. மச்சானின் கை. உருளை நசுக்கிய கட்டைவிரல் நகம் இவனுக்குத் தெரியும். அதன்மேல் இன்னொரு கை அமர்ந்தது. விரல்களில் சதை குறைவாக இருந்தது. அதன்மேல் இன்னொன்று. பிடியில் இடம் போதாமல் கதவின் விளிம்பில், சட்டத்தில், இவன் மணிக்கட்டில். இடுக்கின் காற்றில் புகை சற்றே விலகிய இடத்தில், விளக்கின் பழுப்பு வெளிச்சத்தில் அவை மட்டும் தெரிந்தன. எல்லாம் பிடித்துக்கொண்டு, இழுக்காமல், காத்துக்கொண்டிருந்தன.

"முன்னாடி நின்னவன் வாயடைப்பைக் கழட்டினான்" என்றது குரல், இப்போது காதோரமாக, அன்பாக. "'பிடிங்க'ன்னான். ஆனா பாவம், 'இழு'ங்கிற அந்த ஒரு வார்த்தை அவனுக்கு வாய்க்கல மாப்ள. அதான் இவங்க இன்னும் இழுக்கவே இல்ல."

"ம்" என்றான் இவன், வாயடைப்பைக் கடித்தபடி. "ம்! ம்! ம்!"

பை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

"ம் எல்லாம் போதும் மாப்ள. நாங்க பிடிச்சாச்சு. முன்னாடி நிக்கிறது நீதானே. வாயைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடு."