யார் பதில் சொன்னாலும்

இடி இடித்ததும் ஆரிபா முதல் காரியமாக மோடத்திலிருந்து தொலைபேசி வயரைப் பிடுங்கினாள். ராஜபாளையத்தில் அந்த வருடம்தான் இன்டர்நெட் கடைகள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. போன மழைக்கே அவள் கடையில் ஒரு மோடம் கருகிப்போனதால், மின்னல் வெட்டினாலே அவள் கை வயருக்குப் போய்விடும். வந்திருந்த இரண்டு பேரும் மழைக்கு முன்னால் வீடு சேர ஓடிவிட்டார்கள். அந்திநேர மஃரிப் பாங்கு ஓய்ந்து, கொசுவர்த்திப் புகையும் ஈர மண் வாசனையும் கலந்து அறைக்குள் நின்ற நேரத்தில், மூன்றாவது கம்ப்யூட்டர் மட்டும் 'கிர்ர்' என்று முனகியது. அதில் ஏதோ இணையப் பக்கம் இன்னும் வந்துகொண்டிருந்தது.

மெயின் கம்ப்யூட்டரை அணைத்தாள். மற்ற நாலும் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பிராக்ஸி என்று அதற்குப் பெயர். போன மாதம் அதை மாட்டிக்கொடுத்த ராபர்ட் விளக்கமாகச் சொல்லியிருந்தான்.

"ஒவ்வொரு பிரவுசர்லயும் நம்பர் போட்டுக்கிட்டுக் கெடக்க வேண்டாம்க்கா. இந்தக் கட்டத்துல டிக் அடிச்சிட்டேன். 'பிராக்ஸி யாரு'ன்னு அதுவே கேக்கும். பதில் சொல்றவுக வழியாப் போயிரும்."

"யாரு பதில் சொன்னாலுமா தம்பி?"

"இந்த ரூம்புக்குள்ள வேற யாருக்கா இருக்கா?" என்று சிரித்தான்.

அணைத்த பிறகும் பக்கம் வந்தது. மேசைக்கடியில் குனிந்தாள். எல்லா வயரும் வந்து சேரும் ஹப் பெட்டியில், வயரே செருகாத கடைசித் துளைக்கு மேல் பச்சை விளக்கு விட்டு விட்டு மினுங்கியது. யாரோ மூச்சு விடுவதுபோல.

பிடுங்கிய வயரைத் தொலைபேசியில் செருகினாள். ராபர்ட்டைக் கூப்பிடலாம் என்று கையை வைக்கும் முன்பே மணி அடித்தது. சவூதி தம்மாமிலிருந்து அவள் கணவன் சேக் முகைதீன்.

"ஏட்டி, எம்மேல என்ன கோவம்? ஒரு மாசமா ஒம் மெயிலையே காணோம்?"

"தெனமும் போடுதேனே மச்சான்! நீங்களும் பதில் போடுதீகளே."

"நானா? நான் ஒண்ணும் போடலையேட்டி."

இடி. லைன் செத்துப்போனது.

ஆரிபா ரிசீவரை வைத்தாள். இந்த ஒரு மாதமாகத்தான் மச்சான் ஆசை ஆசையாக எழுதுகிறார் என்று பூரித்துப்போயிருந்தாள். என்னவெல்லாம் விசாரித்தார்! ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு மகள் மாஜிதா பள்ளிக்கூடம் விட்டு எத்தனை மணிக்கு வருவாள், நீ வரும்வரை பிள்ளை தனியாகவா இருக்கும், சாவியை எங்கே வைப்பாய். அத்தனைக்கும் அவள் பதில் எழுதியிருந்தாள். தண்ணீர்த் தொட்டி மூடிக்கு அடியில் என்று, அறிவு கெட்டவள், அதையும் எழுதியிருந்தாள்.

மூன்றாவது கம்ப்யூட்டரில் அவளுடைய மெயில் தானாகத் திறந்துகொண்டது. ஒரே வரி.

'சாவி கிடைச்சிருச்சு.'

கீழே ஒரு படம். மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கியது.

வீட்டு டியூப்லைட்.

தினசரி காலண்டர். இன்றைய தேதி.

அதற்குக் கீழே சுவர். வெறும் சுவர். பின்னால் யாரும் நிற்கவில்லை.

மாஜிதாவின் வகிடு. காலையில் ஆரிபா கட்டிவிட்ட சிவப்பு ரிப்பன். நெற்றி. கண்.

ஓட வேண்டும். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கண் திரையை விட்டு வரவில்லை.

வாய். பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். தம்மாமிலிருந்து அத்தா வந்துவிட்ட சிரிப்பு.

தோள்.

தோளின்மேல், பின்னாலிருந்து நாலு விரல்.

படம் இறங்கியது. விரல்களும் நீண்டுகொண்டே இறங்கின. நெஞ்சு வரை. இடுப்பு வரை. பாவாடையின் ஓரம் வரை.

இன்னும் நகம் வரவில்லை.