அத்தா எங்க வந்துட்டாங்க?

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்கு அதற்கெல்லாம் நேரமும் கிடையாது. பெட்டி தானாக அணைகிறது, தானாகப் பேசுகிறது, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி கேலி செய்திருக்கிறேன். அடைக்கலம் கடைக்குப் போனால் பெட்டி சரியாகும், மானம் போகும் என்று ஸ்ரீரங்கத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆகவே, இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னைக் கேலி செய்தால் அது நியாயம்தான்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், பாலக்கரையிலிருந்து ஹனீஃபா என்பவர் போன் செய்தார். குவைத்திலிருந்து வந்து பதினைந்து நாள் ஆகிறதாம். பழைய லேப்டாப்பில் இருக்கும் ஒரு புரோகிராமைப் புது லேப்டாப்புக்கு மாற்ற வேண்டுமாம். அரைமணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

சந்துக்குள் சந்தாகப் போய்க் கடைசியில் இருந்தது வீடு. கதவு திறந்ததுமே தைல வாசனை முகத்தில் அடித்தது. படுத்த படுக்கையாக ஒருவர் பல மாதம் கிடந்த வீட்டில்தான் சுவர்வரைக்கும் அந்த வாசனை ஏறும்.

“யாருக்கு பாய் உடம்பு சரியில்ல?” என்று கேட்டேன்.

“இப்ப யாருக்கும் இல்ல தம்பி” என்றார்.

அவருக்கு ஒரே மகள், ஷாஜியா. நரம்பில் ஏதோ நோய். கால்களில் தொடங்கிக் கைகளுக்கு வந்து தொண்டைக்கு ஏறியிருக்கிறது. குரல் போவதற்கு முன்பே ஒரு கல்லூரி ஆய்வுக் குழுவினர் வந்து, ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்களை அவளைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அவள் குரலிலேயே பேசும் புரோகிராம் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். கட்டை விரலால் ஒரு பொத்தானைத் தட்டித் தட்டி எழுத்து எழுத்தாகச் சேர்ப்பாள். பெட்டி பேசும். இரண்டு வருஷம் அப்படித்தான் பேசினாள். எட்டு மாதத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில் போய்விட்டாள்.

“கம்பெனிக்காரன் இப்பத்தான் பாஸ்போர்ட்டைக் குடுத்தான் தம்பி. இங்க அன்னைக்கே அடக்கம் பண்ணிட்டாங்க. எம்புள்ள முகத்தைப் போன்லதான் பாத்தேன்” என்றார்.

புது லேப்டாப் அட்டைப்பெட்டி பிரிக்காமலே மேஜைமேல் இருந்தது. கனமில்லாததாக ஒன்று வேண்டும் என்று மகள் கேட்டு, அவள் இருக்கும்போதே வாங்கி வைத்ததாம். அதில் அவள் குரல் வர வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவர் மனைவி நஜீமா சமையலறை வாசலில் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். “வேணாம்னு சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்கிறாங்க” என்றார் என்னிடம். காரணம் கேட்டேன். பீரோவைத் திறந்து, டவலில் சுற்றியிருந்த பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். பேட்டரி எப்போதோ செத்துப்போய்க் கழற்றியிருந்தார்கள். வயரைச் செருகினால்தான் உயிர் வரும்.

ஓடுகிறதா என்று பார்க்க, அவர்கள் வீட்டில் அப்பாவைக் கூப்பிடுகிற ‘அத்தா’ என்ற சொல்லைத் தட்டினேன்.

“அத்தா” என்றது பெட்டி.

சின்னப் பெண்ணின் குரல். கொஞ்சம் கரகரப்பு. ஹனீஃபா பாய் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வேலையைத் தொடங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. பழைய பெட்டியின் பிராசஸர் ஒரு வகை, புதியதன் பிராசஸர் வேறு வகை. ஒன்றுக்காகச் செய்த புரோகிராம் மற்றதில் ஓடாது. டீசல் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுகிற கதைதான். புதுப் பெட்டி, ‘இந்தத் தொகுப்பு எனக்கானது அல்ல’ என்று திருப்பித் திருப்பித் தள்ளியது. முறைப்படி செய்வதென்றால் புரோகிராமின் மூல வரிகளை வாங்கிப் புதியதற்கென்று மறுபடி உருவாக்க வேண்டும். அந்த ஆய்வுக் குழு கலைந்து எங்கேயோ போய்விட்டது, போனை எடுக்க ஆளில்லை. இல்லாவிட்டால், பழைய பிராசஸர்போல நடிக்கிற ஏற்பாடு ஒன்றைப் புதுப் பெட்டிக்குள் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு நாள் ஆகும். நான் பொறுமைக்குப் பேர்போனவன் இல்லை.

‘எது எப்படியிருந்தாலும் ஏற்று’ என்று பெட்டியை அதட்டுகிற கட்டளை ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அது தெரியும். அதைத் தொடாதே என்பதும் தெரியும். தொட்டேன். புதுப் பெட்டியில் குரலும் வரவில்லை, இருந்த அடிப்படைக் கோப்புகளும் குழம்பிப் போயின. பதற்றம் வந்துவிட்டது. இரண்டையும் வயரால் இணைத்து ஒரே திரையில் இரண்டு ஜன்னல்கள் வைத்திருந்தேன். இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது. இரண்டும் கறுப்பு, ஒரே மாதிரி வெள்ளை எழுத்து. புதியதைச் சரிசெய்ய, அதன் அடிப்படைத் தொகுப்புகள் மொத்தத்தையும் திரட்டி, அதே அதட்டலைச் சேர்த்து என்டரைத் தட்டினேன்.

வரிகள் கடகடவென்று ஓடின.

இடது பக்கத்தில்.

நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. பழைய பெட்டியின் அடிப்படைக் கோப்புகள் எல்லாவற்றின்மேலும், அதற்குப் புரியாத பிராசஸரின் கோப்புகளை எழுதிவிட்டிருந்தேன். என்ன கட்டளை தட்டினாலும் ஒரே பதில்தான் வந்தது. இயக்க முடியாது. இயக்க முடியாது. இயக்க முடியாது.

சொல்லாமல் தப்ப முடியாது. சொன்னேன். பாய் திட்டியிருந்தால் தேவலை.

“எம்புள்ள குரல் போயிடுச்சா தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இல்ல பாய். அது டிஸ்க்ல பத்திரமா இருக்கு. ரெண்டு நாள்ல எடுத்துக் குடுத்துடுறேன். ஆனா இந்தப் பெட்டி இனிமே எதையும் ஓட்டாது. ஒரு சத்தம்கூட வராது.”

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. சந்தில் ஒரு சைக்கிள் மணி கேட்டு ஓய்ந்தது. வீட்டில் தைல வாசனை திடீரென்று அதிகமாயிற்று, யாரோ பக்கத்து அறையில் இப்போதுதான் பாட்டிலைத் திறந்ததுபோல.

“அம்மா. அத்தா எங்க வந்துட்டாங்க?”

பழைய பெட்டியிலிருந்துதான் வந்தது.

யாரும் அசையவில்லை. எனக்கு மட்டும் மூளை வேலை செய்துகொண்டிருந்தது. நினைவகத்தில் முன்பே ஏறிவிட்ட புரோகிராம், கோப்பு கெட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். அதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் அந்தப் புரோகிராமை நகலெடுப்பதற்காக நானே மூடியிருந்தேன். ஒலியை வெளியே அனுப்புகிற கோப்பையும் நானே அழித்திருந்தேன்.

கரண்ட் வயரைப் பிடுங்கினேன்.

திரை இருண்டது. பெட்டிக்குள் இருந்த விசிறியின் கிர்ரென்ற சத்தம் நின்றது. அது போதாதென்று பெட்டியைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, டிஸ்க்கை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேஜைமேல் கிடந்தது வெறும் பிளாஸ்டிக்.

“அம்மா. அத்தா எங்க வந்துட்டாங்க?”

ஹனீஃபா பாய் பாய்ந்து அந்தப் பெட்டியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். “வந்துட்டேம்மா! இங்கதாம்மா இருக்கேன்! அத்தா இங்கதான்!”

பதில் இல்லை. அவர் சொன்னது பெட்டிக்குக் கேட்கவேயில்லை. சற்று நேரம் கழித்து, அதே சொற்கள், அதே நிதானத்தில். அம்மா. அத்தா எங்க வந்துட்டாங்க?

“எட்டு மாசமா கேக்குறா” என்றார் நஜீமா.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. “அன்னைக்கு மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தா. அத்தா அத்தான்னே தட்டிக்கிட்டிருந்தா. வர மாட்டாங்கன்னு எப்பிடிங்க சொல்றது? கெளம்பிட்டாங்கன்னு சொல்லிட்டேன். ஃபிளைட்டுல ஏறிட்டாங்கன்னு சொன்னேன். எங்க வந்துட்டாங்க, எங்க வந்துட்டாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. ஏர்போர்ட்டுல எறங்கிட்டாங்கடான்னு சொன்னேன். அத்தோட…”

“நீ எங்கிட்ட சொல்லவேயில்லையே, நஜீமா.”

“என்னன்னு சொல்றதுங்க? பொய் சொல்லித்தான் புள்ளைய அனுப்பி வச்சேன்னா?” அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். “அடக்கம் பண்ணின மறுநாள்லேர்ந்து அஸருக்கப்புறம் கேக்குறா. நானும் ஏர்போர்ட்டுல எறங்கிட்டாங்க, எறங்கிட்டாங்கன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கேன். அதுக்கு மேல சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீங்க வர்றதுக்கு மொத நாளு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு பயம். நீங்க பள்ளிக்குத் தொழுவப் போயிருக்கிறப்ப அங்கேர்ந்தும் கேட்டா.”

நான் இதற்கு முன் எத்தனையோ சாவு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். இப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், அந்த உயிரில்லாத பெட்டியையே பார்த்து அழுதார்கள்.

பாய்தான் முதலில் எழுந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குவைத்திலிருந்து கொண்டுவந்த தோள்பையை மாட்டிக்கொண்டார்.

“தம்பி, வண்டி இருக்குல்ல? என்னைய ஏர்போர்ட்டுல விடுங்க.”

“எதுக்கு பாய்?”

“அங்கேர்ந்து வரணும்.”

எனக்குப் புரிந்துவிட்டது. நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை அந்த வீட்டில் உட்காரச் சொல்லாமல் இருந்தாரே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

விமான நிலைய வாசலில், வந்து இறங்கிய பயணிகள் கூட்டத்துக்கு நடுவே, அவர் போய் ஒரு நிமிஷம் நின்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பிறகு திரும்பி நடந்து வந்து என் வண்டியில் ஏறி, வீட்டுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

“நஜீமா, எறங்கிட்டேன். வெளிய வந்துட்டேன்னு சொல்லு.”

“அத்தா வெளிய வந்துட்டாங்கடா” என்று நஜீமா யாரிடமோ சொல்வது கேட்டது.

பிறகு, தூரத்திலிருந்து, அந்தக் கரகரப்பு.

“இப்ப?”

எட்டு மாதமாக ஒரே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது, முதல்முறையாக அடுத்ததைக் கேட்டது.

“செம்பட்டு தாண்டியாச்சு.”

“செம்பட்டு தாண்டிட்டாங்கடா.”

“இப்ப?”

“சுப்பிரமணியபுரம்.”

“இப்ப?”

டிவிஎஸ் டோல்கேட்டில் சிக்னல் விழுந்தது. பஸ்களின் ஹாரன் சத்தத்தில், பின்னால் உட்கார்ந்திருந்தவரின் உடம்பு நடுங்குவது என் முதுகுக்குத் தெரிந்தது. அவர் அழுதுகொண்டே ஊர்ப்பேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். மேலப்புதூர் தாண்டியாச்சு. பாலக்கரை வந்தாச்சு. ஒவ்வொன்றுக்கும் அந்த ‘இப்ப?’ முன்பைவிடச் சீக்கிரமாக வந்தது. பொத்தானைத் தட்டி எழுத்துச் சேர்க்கிறவள் அவ்வளவு வேகமாகக் கேட்டிருக்க முடியாது.

சந்து முனையில் வண்டி நின்றது. மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பாய் போனை அணைத்தார். வேகமாக நடந்தார், பிறகு ஓடினார். நான் பின்னாலேயே போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். பயந்துகொண்டுதான் போனேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளியூரிலிருந்து வருகிற மனிதன் சொல்வதுபோலச் சத்தமாக ஸலாம் சொன்னார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

தைல வாசனை வாசல்வரைக்கும் வந்தது.

“வ அலைக்கும் ஸலாம், அத்தா.”

நஜீமாவின் குரல் அல்ல. நஜீமா கதவோரத்தில் வாயைப் பொத்தியபடி நின்றுகொண்டிருந்தார்.

“ஏன்த்தா இவ்வளவு நேரம்?”

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. டிஸ்க் இருந்தது.

ஹனீஃபா பாய் உள்ளே போனார். தோள்பையைக்கூட இறக்காமல், இருட்டில், அந்தப் பெட்டியின் எதிரே உட்கார்ந்தார். பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். அம்மா போன் பண்ணிய ராத்திரியை, கம்பெனி வாசலில் போய் நின்றதை, பாஸ்போர்ட்டைக் கேட்டுக் காலில் விழுந்ததை, மறுநாளும் அதற்கு மறுநாளும் போய் நின்றதை. கதை கேட்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

நான் படியிலேயே நின்றேன்.

அவர் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும், பேட்டரியும் டிஸ்க்கும் மின்சாரமும் இல்லாத அந்தப் பெட்டி, “ம்” என்றது.