விட்டுப்போன தடைப் பட்டியல்

"கணக்கை மாத்தினா பின்தொடர்றவங்க தானா வந்துடுவாங்க, நீ தடுத்து வச்சவங்களோட தடைப் பட்டியலை மட்டும் நீதான் தனியா ஏத்தணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல!"

"எங்கடி சொன்ன? 'வா வா, நம்ம குழு'ன்னு இழுத்துட்டு வந்தது நீதானே!"

மாடியில் தையற்காரியும் அவள் தங்கையும் போட்ட சத்தத்தில், காதைத் தீட்டும் சிரமம்கூடக் கீழ்வீட்டு எங்களுக்கு மிச்சம். வலைதளத்தில் தங்கை நடத்தும் சிறு குழுவுக்கு அன்று காலைதான் அக்கா தன் கணக்கை மாற்றியிருந்தாள். பழகிய முந்நூறு பேரும் மந்தையாகப் பின்னாலேயே வந்தார்கள். அவள் தடுத்து வைத்திருந்தவனும் வந்துவிட்டான்: விவாகரத்தான கணவன், ஒயரிங்காரன். போன வருஷம் வேலையில் ஷாக் அடித்துச் செத்தவன். பிணத்தைப் பார்க்க நாங்களெல்லாம் போனோம், அவள் போகவில்லை.

"எவனோ அவன் ஃபோனை வச்சிட்டு விளையாடுறான்க்கா." தங்கை கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

மீதியைப் பிற்பாடு அக்கா வாயிலிருந்தே கறந்தேன்.

தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தைத் திறந்தாள். வெறும் படங்கள். செத்த மறுநாளிலிருந்து நாளுக்கொன்றாக, ஆஸ்பத்திரி வாசல், மேம்பாலம், பஸ் நிறுத்தம், எங்கள் தெருமுனை என்று நடந்து வருகிறவன் கண்ணில் படுகிற வரிசையிலேயே வந்து, அப்புறம் எட்டு மாதமாக ஒரே படம்: அவள் வீட்டு மாடிப்படியின் முதல் படி. அதற்குமேல் ஏற விடவில்லை போல, ஏதோ ஒன்று.

அன்று காலை, கணக்கு மாறித் தடை விட்டுப்போன பிறகு, இரண்டாம் படி. ஏழாம் படி. கதவின் கைப்பிடி.

மெஷின் எண்ணெய் வாசனையோடு கருகிய ஒயரின் நாற்றம் மெல்லக் கலந்தது. மின்விசிறி தளர்ந்து, தளர்ந்து, நின்றது. ஃபோன் அதிர்ந்தது. புதுப் படம்.

அவள் முதுகு.

திரும்பவில்லை. விரல் வழுக்கியது. தேடினாள். 'தடு'. அழுத்தினாள்.

'தடுக்கப்பட்டார். இனி இவர் உங்கள் கண்ணில் படமாட்டார்.'

படங்கள் மறைந்தன. நாற்றம் மறையவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. உள்பக்கம்.

தங்கை அடுத்த மாதமே குழுவில் பழகிய ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அக்கா வீட்டையே காலி செய்தாள். சாமான் வண்டியின் முன் சீட்டில் டிரைவருக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு, ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தாள்.

"கதவு சரியில்லம்மா, நடுவுல தள்ளி உக்காருங்க."

அவள் அசையவில்லை. பழக்கதோஷம், நான் எட்டிப் பார்த்தேன். காலியான அந்த இடத்தில் சீட்டு அமுங்கியிருந்தது.