நாலாவது வாஷர்

எஞ்சினுக்கு டீசல் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரில் மூன்று லேசில் வரவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்து, புல்லரை மாட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் பெரியவனின் முதுகு ஒரு வழியாகிவிட்டது. நாலாவது அப்படி இல்லை. கிளாம்ப்பைக் கழற்றியதும் இரண்டு விரலில் தானாக வந்துவிட்டது. அது உட்கார்ந்திருந்த குழியிலிருந்து இளஞ்சூடாகக் காற்று வந்து மணிக்கட்டில் பட்டது. வண்டியோ ஏழு மாதமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பேட்டரியைக்கூட அவன் இன்னும் மாட்டவில்லை.

வெடுக்கென்று கையை எடுத்தான். "வயசாயிடுச்சுடா உனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி குனிந்தான்.

விடுமுறை நாள், மத்தியானம். ஷெட்டின் தகரத்தில் மழை பிசுபிசுவென்று விழுந்துகொண்டிருந்தது. வேலைக்காரர்கள் யாரும் வரவில்லை. அவன்தான் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தான். இது தம்பியின் வண்டி. இதை இன்னொருத்தன் கை தொடுவதை அவனால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஊரில் எல்லோரும் இவர்களைப் பெரியவன், சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது சின்னவன் இல்லை. ஆனாலும் இவனைப் பெரியவன் என்று கூப்பிடுவதை யாரும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அது சுருக்கென்று தைக்கும்.

குழிக்குள் டார்ச் அடித்தான். சுவரெல்லாம் தார் மாதிரி கறுப்பாகக் கரி அப்பியிருந்தது. கம்பியை விட்டு, புகை கசியாமல் அடியில் அடைத்திருக்கும் செம்பு வாஷரை வெளியே எடுத்தான். துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான். அதன் ஒரு ஓரத்தில், உள்ளேயிருந்து வெளியே, மயிரிழை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தடம் ஓடியது. எஞ்சின் புகை கசிந்து போன பாதை.

எது நடந்திருக்கக் கூடாது என்று இந்த ஏழு மாதமும் அவன் வேண்டிக்கொண்டிருந்தானோ அதுதான் நடந்திருந்தது.

இன்ஜெக்டரைக் கழற்றினால் வாஷரைப் புதுசாகத்தான் போட வேண்டும். போன தடவை இதைக் கழற்றிய அன்றைக்குக் கடையில் மூன்றுதான் இருந்தன. சின்னவன் சவாரிக்குப் போக வேண்டுமென்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றான். நாலாவதுக்குப் பெரியவன் பழைய வாஷரையே நெருப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தான். செம்பு இளகிவிடும், மறுபடி நன்றாகப் படியும். எந்த மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். ஆனால் காய்ச்சியபின் அதைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும். "அண்ணே, வாஷரையா வறுக்குற? கொஞ்சம் உப்பும் போட்டுடு" என்று சின்னவன் சிரித்தான். இவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, தேய்க்காமல் போட்டுவிட்டான்.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவனுக்கும் அவன் மனைவிக்கும் ஏதோ ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. அவள் கோபத்தில் கதவைத் தாழ்போட்டுவிட்டாள். அவன் வண்டிக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கினான். எழுந்திருக்கவில்லை. கசிந்த புகை ஏசிக் காற்றோடு உள்ளே போயிருக்கிறது.

"மாமா."

குடையை மடக்கிக்கொண்டு சின்னவன் மனைவி உள்ளே வந்தாள். பெரியவன் வாஷரைச் சட்டைப் பைக்குள் போட்டான். இனி இந்த வண்டியை அவளே ஓட்டப் போகிறாள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. அதற்காக லைசென்ஸும் எடுத்துவிட்டாள். பாதி உடம்பாக இளைத்துப் போயிருந்தாள்.

"முடிஞ்சுதா மாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்மா. உட்காரு."

அவள் உட்காரவில்லை. போனட் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். "ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. வண்டியில ஏதாச்சும் கோளாறு இருந்துச்சா? இருந்தா சொல்லிடுங்க மாமா. நான் தாழ்ப்பாள் போட்டதாலதான்னு நெனச்சு நெனச்சு தெனம் செத்துக்கிட்டிருக்கேன்."

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா" என்றான் பெரியவன்.

அவள் மெதுவாகத் தலையாட்டினாள். "அப்போ நான்தான்."

பாவி, அவள் முகத்தைப் பார்க்காமலே திரும்பிக்கொண்டான். குழிகளைச் சுத்தம் செய்தான். நாலு புது வாஷர், நாலு புது இன்ஜெக்டர். கிளாம்ப்பை முறுக்கினான், டீசல் பைப்புகளை மாட்டினான், காற்றை வெளியேற்றினான், பேட்டரியை வைத்தான். அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினான்.

ஒரே திருகில் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. மூன்று சிலிண்டரும் டிக் டிக்கென்று கணக்காக அடித்தன. நாலாவதிலிருந்து மட்டும் வேறு ஒரு சத்தம். ஃபுஸ். ஃபுஸ்.

சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை. எங்கும் கசிவு இல்லை. நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை நாலாவது இன்ஜெக்டரில் ஊன்றி, பிடியில் காதை வைத்தான். கல்யாணம் ஆகும்வரை ஒரே பாயில் படுத்தவர்கள் அண்ணனும் தம்பியும். மூச்சை இழுக்கும்போது கடைசியில் சின்னதாக ஒரு தடங்கல். பிறகு நீளமாக விடும் மூச்சு. இருட்டில் இருபது வருஷம் கேட்ட சத்தம்.

ஸ்குரூ டிரைவர் கையிலிருந்து நழுவியது.

"மாமா, கேக்குதா?" ஜன்னல் வழியாக அவள் குரல் வந்தது. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு. "அவர் தூங்குற மாதிரியே இருக்கு."

"ஆஃப் பண்ணும்மா."

"கொஞ்ச நேரம் மாமா."

"ஆஃப் பண்ணு!"

கண்ணாடி மேலே ஏறியது. பூட்டு விழும் சத்தம். ஏசி ஓடத் தொடங்கியது.

ஓடிப்போய்க் கதவை இழுத்தான். திறக்கவில்லை. அடுத்த கதவு. அதுவும் திறக்கவில்லை. நாலாவது குழியிலிருந்து நூல் மாதிரி கறுப்புப் புகை எழும்பி, முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போகும் சல்லடைக்குள் நுழைந்துகொண்டிருந்தது. துணியை வைத்து அடைத்தான். புகை துணியைத் துளைத்துக்கொண்டு போனது.

ஸ்பேனரை எடுத்தான். பைப்பைக் கழற்றினால் டீசல் போகாது. டீசல் இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. முதல் பைப்பைத் தளர்த்தினான். சத்தம் மாறவில்லை. இரண்டாவது. மாறவில்லை. மூன்றாவது. கையெல்லாம் டீசல். நாலாவதைக் கழற்றித் தூர எறிந்தான்.

ஓடியது.

சுத்தியலால் கண்ணாடியை அடித்தான். கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தான். கண்ணாடியில் முகத்தை வைத்துக் கத்தினான்.

"நீ இல்லம்மா! நான்தான்! பழைய வாஷரைப் போட்டேன், நான்தான் அவனைக் கொன்னேன்! தெறம்மா!"

அவள் கேட்டாளா, தெரியவில்லை. கண்களை மூடியிருந்தாள். கன்னத்தைக் கண்ணாடிமேல் சாய்த்திருந்தாள். அவள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. தெளிந்தது. மங்கியது.

பக்கத்து இருக்கை காலி.

அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் மங்கியது.

இரண்டும் சேர்ந்து மங்கின. சேர்ந்து தெளிந்தன. எஞ்சினும் அதே கணக்கில். இழுத்து. ஒரு தடங்கல். விட்டு.

அவன் அடித்துக்கொண்டே இருந்தான்.

இரண்டும் தெளிந்தன. அந்தப் பக்கம் மங்கியது.

அவள் பக்கம் மங்கவில்லை.