இணங்காத ஸ்பீக்கர்கள்

கீழே தண்ணீர் லாரி ஓட்டுநரை மூன்றாம் மாடிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுநரோ கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் போலச் சிரித்துத் தலையாட்டினார். இருவர் காதிலும் செவிப்பொத்தான் மின்னியது. பால்கனியிலிருந்து பார்த்த ஜெசிந்தா, "மந்தைங்க" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனாள்.

பெருங்குடியின் அந்த அடுக்ககத்தில் செவிப்பொத்தான் அணியாத ஒரே ஆள் அவள்தான். ஊரிலுள்ள ஒவ்வொரு போனிலும் ஸ்பீக்கரிலும் காதிலும் 'இணக்கி' என்ற மென்பொருள் குடியேறியிருந்தது. பேசுகிறவரின் சொல்லை அது மாற்றாது. சொல்லில் இருக்கும் முள்ளை மட்டும் எடுத்துவிடும். எரிச்சல், அலுப்பு, ஏளனம் எல்லாம் வடிந்து, கேட்பவர் காதில் கனிவாக விழும். பாட்டென்றால் அபசுரம்கூடச் சுருதி சேர்ந்துதான் வரும். தெருச்சண்டையே ஒழிந்தது என்று அரசாங்கம் பெருமைப்பட்டது. செவிடர்கள் சண்டை போட மாட்டார்கள், அதிலென்ன பெருமை என்பது ஜெசிந்தாவின் கட்சி.

அவள் தொழில் ஒலிக்கலவை. படுக்கையறையையே ஸ்டுடியோவாக்கியிருந்தாள். மேஜைமேல் இருந்த இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர்களும் இணக்கி வருவதற்கு முந்தியவை. பாடகர் தொண்டையில் கோழை இருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடும் ரகம். ஆனால் இடப்பக்கத்து ஸ்பீக்கரின் ரப்பர் விளிம்பு வெடித்து, கனத்த ஒலி வரும்போதெல்லாம் படபடத்தது. மாற்று ரப்பர் எங்கும் கிடைக்கவில்லை. பாட்டு கம்பெனிகளும் இணக்கி உள்ள ஸ்பீக்கரில் கலந்த பாடல்களைத்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டன. வேறு வழியில்லாமல் புது ஜோடி ஒன்றைக் கேட்டுப்பார்க்கச் சம்மதித்திருந்தாள்.

அதைக் கொண்டுவந்த டெக்னீஷியன் பெயர் சந்திரபோஸ். விளாத்திகுளம் பக்கம். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"பெட்டியா இது? சீப்பு சோப்பு விக்கிறவன் கொண்டுவர்ற மாதிரி இருக்கு" என்றாள் ஜெசிந்தா.

"நல்லா சொன்னீங்க மேடம்!" அவன் மனதாரச் சிரித்தான்.

"உனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல பொத்தான் மாட்டத்தான் வச்சிருக்கியா?"

"எங்க கம்பெனியிலயே உங்கள மாதிரி கலகலப்பா யாரும் பேசமாட்டாங்க மேடம்."

அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இவனைத் திட்டுவதும் தலையணையைக் குத்துவதும் ஒன்றுதான்.

புது ஸ்பீக்கரைப் பொருத்தியதும், குரல் எப்படி வருகிறது என்று காட்ட அவன் தன் போனிலிருந்து ஒரு பதிவை ஓடவிட்டான். "என் வீட்டுக்காரி மேடம், அமுதினி. ஊர்ல இருக்கா. தினமும் அனுப்புவா."

*சாப்டீங்களா? பாப்பா நல்லா இருக்கா. நீங்க வேலையப் பாருங்க.*

தேன் மாதிரி வந்தது. சந்திரபோஸ் கண்ணை மூடி ரசித்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"பதிவு பச்சையாத்தான் வருது. கேக்கற இடத்துலதான் இணக்கி பூசிவிடுது. அந்தப் பொத்தானக் கழட்டு. இப்ப என்னோடதுல கேளு."

அவன் விளையாட்டுப்போலக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். அவன் போனில் இணக்கியை அணைத்துவிட்டு, அவள் பழைய ஸ்பீக்கருக்கு மாற்றினாள்.

*சாப்டீங்களா.* கேள்வியே இல்லை. வாசலில் நிற்கும் கடன்காரனிடம் பேசும் குரல். *பாப்பா நல்லா இருக்கா.* பல்லைக் கடித்துக்கொண்டு. *நீங்க வேலையப் பாருங்க.* கடைசிச் சொல்லில் ஒரு வெறுப்பு இருந்தது, குப்பையைத் தள்ளிவிட்டுக் கையை உதறுகிறவளின் வெறுப்பு.

வென்றுவிட்ட சந்தோஷத்தில் ஜெசிந்தா சொன்னாள்: "கேட்டியா? இதத்தான் இத்தன நாளா ஜிலேபின்னு நக்கிக்கிட்டிருந்த."

சந்திரபோஸ் அடி வாங்கியவன் போலத் திரும்பிப் பார்த்தான். "இப்படித்தான் பேசுவீங்களா மேடம்? வந்ததுலேருந்தே?"

எத்தனையோ வருஷமாக ஜெசிந்தா எல்லோரிடமும் இந்தக் குரலில்தான் பேசிவந்திருக்கிறாள். லிஃப்ட்டில், கடையில், போனில். யாருக்கும் வலித்ததில்லை. வலிக்காததாலேயே அவர்களை இன்னும் கேவலமாக நினைத்திருக்கிறாள். அவள் பேசியது போய்ச் சேர்ந்த முதல் மனிதன் இவன்தான்.

"உட்காருங்க" என்றாள். அதுகூட அதட்டலாகத்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "கொஞ்சம் உட்காருங்க தம்பி."

அவன் உட்காரவில்லை. "இதுல போன் பேச முடியுமா?"

அவள் அவனுடைய போனைப் பழைய ஸ்பீக்கரோடு இணைத்துக் கொடுத்தாள். மணி அடித்தது. அமுதினி எடுத்தாள். "என்ன?"

"காதுல போட்டிருக்கறத எடுத்துடு. போன்லயும் இணக்கிய அணைச்சிடு."

"எதுக்கு?"

"எடு அமுதினி."

அந்தப் பக்கம் ஏதோ உரசியது. "எடுத்துட்டேன். சொல்லுங்க."

"நீ என்மேல கோவமா இருக்கியா?" என்று கேட்டான் சந்திரபோஸ். குரல் நடுங்கி, பாதியில் உடைந்தது.

வெடித்த ரப்பரின் ஊடே அவள் மூச்சு வந்து போனது.

"ஏங்க," என்றாள் அமுதினி. குரலில் இன்னும் கடுமை போகவில்லை. "உங்க குரல் எப்பவும் இப்படித்தான் இருக்குமா? அங்க நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். ஜெசிந்தா புது ஸ்பீக்கர்களின் மின்கம்பியைப் பிடுங்கினாள். ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. தன் குரலை நம்ப முடியாமல், சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.