முதலில் யார் அடிப்பது

அமலோற்பவத்தின் வலது கால் அவளைக் கேட்காமலேயே மேலே போனது. இடுப்பு திரும்பியது, மடங்கிய முழங்கால் சடாரென விரிந்தது, எதிரே தொங்கிய மணல்மூட்டை பொத்தென்று அதிர்ந்து பின்னால் பறந்தது. போன வழியே திரும்பி வந்த கால், சத்தமில்லாமல் தரையில் அமர்ந்தது.

"மாதாவே! நானா உதைச்சேன்?"

தூத்துக்குடித் துறைமுகத்தின் கட்டுப்பாட்டு அறையில் நாள் முழுக்க உட்கார்ந்தபடியே பாரந்தூக்கிகளை இயக்குகிறவள் அவள். வயது நாற்பத்தைந்து. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

"நீங்க இல்ல, அமலிக்கா. தமாகி செட்சுகோ" என்றான் பயிற்சிக்கூடம் நடத்தும் ஜெபசிங், சிரித்துக்கொண்டே. "ஆனா காலு ஒங்க காலுதான்."

அவள் உடம்போடு ஒட்டிக்கிடந்த மெல்லிய கறுப்பு உடுப்புக்கு அசைவுறை என்று பெயர். ஒகினாவாத் தீவின் நாஹா நகரத்தில் தமாகி என்கிற மூத்த கராத்தே ஆசிரியை அதேபோன்ற ஓர் உறையைப் போட்டுக்கொண்டு ஒரு வருடம் வாழ்ந்திருந்தார். அவருடைய ஒவ்வொரு தசையும் எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. அந்த உடற்பதிவைத்தான் அசைவுறை சின்னச் சின்ன மின்துடிப்புகளாக அமலியின் நரம்புகளில் ஏற்றியது. இதையெல்லாம் பல்லாண்டுகளாகத் தானே செய்துவந்ததாக அவள் சிறுமூளை நம்பிவிடும். ஒரு மழைக்காலம் பழகினால் போதும். பிறகு உறையைக் கழற்றி வைத்தாலும் வித்தை உடம்பிலேயே தங்கிவிடும்.

இதெல்லாம் சின்ன வயதில் கற்றால்தான் வரும் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. தூத்துக்குடிக் கடற்கரையில் காலையில் கைவீசி நடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள் இப்போது வரிசையாக நின்று காற்றைக் குத்தினார்கள். சர்க்கரை நோய்க்காரர்கள் பறந்து உதைத்தார்கள்.

அமலி வீட்டுக்குள் நடக்கிற நடையே மாறிப்போனது. கைதவறி விழுந்த தம்ளரைத் தரையில் படுமுன் ஒரு கையால் ஏந்தினாள். கணவன் தொபியாஸ் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே ஒங்கிட்ட வாய் குடுக்கக் கூடாது போலிருக்கே" என்றான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனை வருடமும் அவள் சுமந்து திரிந்த உடம்பு, இப்போது அவளைச் சுமந்துகொண்டு ஓடியது.

கூடத்தில் அவளுக்குக் கிடைத்த தோழி மெஹ்ராஜ் பானு, காயல்பட்டினத்துப் பல் மருத்துவர். அவளும் தமாகியின் பதிவைத்தான் ஏற்றியிருந்தாள்; கூடத்தில் இருவரும் மணல்மூட்டையோடுதான் பழகினார்கள், ஒருவரோடொருவர் மோதியதில்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கான மாநிலப் போட்டியில் இருவரும் பெயர் கொடுத்தார்கள். வெல்கிறவருக்கு நாஹாவில் தமாகியின் சொந்தப் பயிற்சிக்கூடத்திலேயே ஒரு வருடம் தங்கிப் பழக இடம். அமலி அந்தத் தீவின் வரைபடத்தைக் கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டாள். தூக்கத்தில்கூட நாஹா, நாஹா என்று புலம்புவதாகத் தொபியாஸ் சொன்னான்.

முதல் சுற்றுகளில் வேறு ஆசிரியர்களின் பதிவை ஏற்றியவர்கள் எதிரே வந்தார்கள். பாய்ந்து வந்து குத்தினார்கள், சுழன்று உதைத்தார்கள். அமலி யோசிக்கவே தேவையிருக்கவில்லை. எதிராளியின் தோள் அசைந்த மறுகணம் அவள் கை வருகிற அடியைத் தட்டிவிட்டு, நெஞ்சுக்கு நூலிழை முன்னால் போய் நிற்கும். நடுவரின் கொடி எழும். தமாகியின் பதிவை வெல்லப் பதிவே இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. போலீஸ் துறையும் சிறைத்துறையும்கூட அதையே வாங்கப் போவதாகச் சொன்னார்கள்.

மதுரையில் நடந்த இறுதிச் சுற்றில் அமலியும் மெஹ்ராஜும் எதிரெதிரே நின்றார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில், சின்ன உருவமாக, மடியில் கைகளைக் கோத்தபடி, தமாகியே வந்து உட்கார்ந்திருந்தார்.

இருவரும் குனிந்து வணங்கினார்கள். நடுவர் கையை இறக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

அமலி குத்த நினைத்தாள். நினைப்பு தோள்வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. கை பதற்றமே இல்லாமல் மெஹ்ராஜின் தோளைப் பார்த்துக் காத்திருந்தது. உதைக்கலாம் என்றால் கால் தரையைவிட்டு எழவில்லை. எதிரே மெஹ்ராஜின் நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது.

"அக்கா, அடிங்களேன்" என்றாள் மெஹ்ராஜ், உதடு அசையாமல்.

"நீ அடி, மெஹ்ராஜ்."

"வரமாட்டேங்குதுக்கா!"

"எனக்கும்தான்!"

கூட்டம் முதலில் சிரித்தது, பிறகு விசிலடித்தது. "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள். நடுவர் எச்சரித்தார், மறுபடியும் எச்சரித்தார். அசைவுறை நிறுவனத்தின் ஆட்கள் கைபேசியைக் காதில் வைத்தபடி இங்குமங்கும் ஓடினார்கள். கடைசியில் தமாகியே எழுந்து மேடைக்கு வந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த மொழிமாற்றி, செய்தி வாசிக்கிற தமிழில் பேசியது.

"பிழை கருவியில் இல்லை. நான் என் வாழ்நாளில் எவரையும் முதலில் தாக்கியதில்லை. குத்தும் உதையும் எனக்கு விரைவில் வந்துவிட்டன. முதலில் கை ஓங்காமல் இருப்பதற்குத்தான் என் வாழ்நாள் முழுவதும் தேவைப்பட்டது. நீங்கள் என்னிடமிருந்து அதிகமாக எடுத்துக்கொண்டது அதைத்தான்."

நடுவர்கள் கூடிப் பேசி, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். முதலில் அசைகிறவர் தோற்பார் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சும்மா நின்றாலே போதும். நாஹா கிடைத்தாலும் கிடைக்கும்.

ஆனால் அமலிக்கு உள்ளே ஏதோ கொதித்தது. இது என் கை. நான் சொல்லி அசையாத கை எப்படி என்னுடையதாகும்? தமாகியின் உடம்பு ஒருபோதும் செய்திராத ஏதாவது எனக்குள்ளே மிச்சம் இருக்கிறதா? அவள் தேடினாள். சாயங்காலம் பழைய பேருந்து நிலையத்தில், கிளம்பப்போகிற வண்டியில் இடம்பிடிக்கக் கூட்டத்தைத் தோளால் இடித்துக்கொண்டு ஏறுவாளே, அது!

கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையை விரித்து, தலையைக் குனிந்து, "ஏய்ய்!" என்று கத்தியபடி அமலி பாய்ந்தாள். கராத்தேயில் எந்தப் பெயரும் இல்லாத பாய்ச்சல் அது.

மெஹ்ராஜின் உடம்பு உயிர்பெற்றது. ஒரு கை அமலியின் முழங்கையை வழிமாற்றியது, ஒரு கால் அவள் காலை வாரியது. மேற்கூரை விளக்குகள் சுழன்றன. முதுகு பாயில் அறைந்தபோது மெஹ்ராஜின் முஷ்டி அவள் மூக்குக்கு நேர் மேலே நின்றிருந்தது.

கொடி எழுந்தது. தோற்றுப்போன அமலி பாயில் கிடந்தபடியே சிரித்தாள். "அடிச்சேன்! பாத்தியா, நானே அடிச்சேன்!" மெஹ்ராஜ் அவளைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டு அழுதாள். முதல் வரிசையில் தமாகி மட்டும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்.

மெஹ்ராஜ் நாஹாவுக்குப் போனாள். அதற்குள் விஷயம் உலகமெல்லாம் பரவிவிட்டது. நிறுவனம் பதிவிலிருந்து அந்தக் காத்திருப்பை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தது; மீதியிருந்த குத்துகளால் ஒரு பலூனைக்கூடத் தொட முடியவில்லை. போலீஸ் துறை பேச்சை நிறுத்திக்கொண்டது. இன்னொரு சிக்கலும் வந்தது. யாராவது அடித்தால்தான் தமாகியின் வித்தை வெளியே வரும். அடிக்க ஆளில்லாத கூடங்களில் அது உடம்புக்குள்ளேயே துருப்பிடித்தது. ஜெபசிங் வாசலில் ஒரு பலகை மாட்டினான்: ஒன்றும் தெரியாதவர்கள் உடனே தேவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து அமலி வெளியே வரும்போது மெஹ்ராஜிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஒடனே கெளம்பி வாங்க. பயணத்துக்கு எல்லா ஏற்பாடும் சென்செய் பண்ணிட்டாங்க." ஆசிரியையை அங்கே சென்செய் என்றுதான் அழைப்பார்கள்.

"என்னையா? தோத்தவளையா?"

"இங்க எல்லா நாட்டு ஆளும் இருக்காங்க, எல்லாருமே தமாகி உடம்புதான். சோடி போட்டு நிக்கோம், கும்பிடுதோம், நிக்கோம், மறுபடி கும்பிடுதோம். சென்செயும் அடிக்க மாட்டாங்க. அந்த உடம்பை வச்சிக்கிட்டு முதல்ல அடிச்ச ஆளு உலகத்துலயே நீங்க ஒராளுதான்க்கா!"

அமலி தேவாலய வாசலிலேயே கத்திவிட்டாள். பாதிரியார் திரும்பிப் பார்த்தார்.

நாஹாவில் கூடம் கடலைப் பார்த்து இருந்தது. மரத்தரையில் வெறுங்கால் வைத்ததும் அமலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மெஹ்ராஜும் மற்றவர்களுமாகப் பத்துப் பேர் சுவரோரம் முழந்தாளிட்டு அமர்ந்திருந்தார்கள். பத்துப் பேரையும் பாய்ந்து அடிக்கச் சொல்வார்கள், பத்துப் பேரிடமும் விழ வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அமலி தலைமுடியை இறுக்கிக் கட்டினாள்.

தமாகி நடுவில் வந்து நின்று, மாணவி ஆசிரியைக்குக் குனிவதுபோல ஆழமாகக் குனிந்தார்.

"முதல் அடியை எப்படி அடித்தீர்கள்?" என்றது மொழிமாற்றி. "எனக்குக் கற்றுத் தாருங்கள்."

அமலியும் அவசரமாகப் பதிலுக்குக் குனிந்தாள். "அது... அதுக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம், அம்மா. அசிங்கமா இருக்கும்னு தெரிஞ்சும் செய்யணும். அவ்வளவுதான்."

தமாகி யோசித்தார். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். அவருடைய வலது கை எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. "யா!" என்று கீச்சுக்குரலில் கத்தியபடி, கண்ணை மூடிக்கொண்டு, நடை பழகும் பிள்ளையைப்போலத் தமாகி முன்னால் பாய்ந்தார்.

அமலி தடுக்க நினைக்கவில்லை. ஆனால் எதிரே ஒரு தோள் அசைந்துவிட்டது. அவளுக்குள் இருந்த உடம்பு விழித்துக்கொண்டது. கை வழிமாற்றியது, கால் வாரியது.

மரத்தரை அதிர்ந்தது. தமாகி மல்லாந்து கிடந்தார். அவர் மூக்குக்கு நேர் மேலே அமலியின் முஷ்டி நின்றிருந்தது.

"ஐயையோ, அம்மா! அடிபட்டுச்சா?" அமலி பதறி மண்டியிட்டாள்.

கிழவி கூரையைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. மொழிமாற்றி எந்த உணர்ச்சியும் இல்லாமல் சொன்னது:

"என்னிடம் விழுந்தவர்களுக்கெல்லாம் இப்படித்தான் வலித்ததா?"

அமலியின் கையைப் பிடித்து எழுந்த தமாகி, சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் கையை ஓங்கினார்.